ஆஃப்சைடு கேட்ட மேனேஜர்

நான் வலது கையை உச்சிக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். இடது கையில் ஒரு நோட்டு. கழுத்தில் ஒரு விசில். மேனேஜருக்கு விசில் எதற்கு என்று அன்றைக்கும் எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

அறுவடை முடிந்த வயல். சுற்றிலும் பாக்கு மரத்தைக் கட்டி எழுப்பிய கேலரி. சாயங்கால வெயில் கண்ணில் குத்துகிறது. எதிரணி ஃபார்வேர்ட் எங்கள் கோல்கீப்பருக்குப் பக்கத்தில் தனியாக நிற்கிறான். எங்கள் ஆட்கள் மொத்தப் பேரும் நடுக்கோட்டுக்கு அருகில் நிற்கிறார்கள். அங்கே நிற்கச் சொன்னது நான். பந்து எல்லோருடைய தலைக்கும் மேலே பறந்து அவன் காலடியில் விழுகிறது. அவன் அவசரமே இல்லாமல் அதை வலைக்குள் தட்டிவிடுகிறான்.

நான் ‘ஆஃப்சைடு, ஆஃப்சைடு’ என்று கத்துகிறேன்.

தடுப்பவர்களைத் தாண்டிப் போய் நிற்கக் கூடாது என்கிற அந்த ஆஃப்சைடு விதி எங்கள் பக்கத்து செவன்ஸ் ஆட்டத்தில் கிடையாது. பக்கத்துக்கு ஏழு பேர், சின்ன மைதானம், யாரும் எங்கேயும் நிற்கலாம். கேலரிக்கு அடியில் கடலை வறுக்கிறவருக்கும் இது தெரியும். எனக்கும் நினைவு தெரிந்த நாளிலிருந்து தெரியும்.

ரெஃப்ரி என்னைப் பார்த்தார். கேலரியும் என்னைப் பார்த்தது. பிறகு மைக்கில் வர்ணனை செய்துகொண்டிருந்தவர் மலையாளத்தில் சொன்னார். அதன் சாரம் இது: “கிழக்குத்தோட்டம் அணியின் மேனேஜர் கையைத் தூக்கியிருக்கிறார். அவருக்கு ஏதோ சந்தேகம் கேட்க வேண்டுமாம்.”

அன்று எழுந்த சிரிப்பு பாலக்காட்டுச் சித்தூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

வயல் கொடுத்தவன்

சென்ற வாரம் இந்தத் தொடரில் நான் தென்னைக்கு உரம் வைத்து மரத்தையே சாகடித்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். ‘உங்களுக்குத் தெரிந்த விஷயம் எதையாவது எழுதக் கூடாதா’ என்று கேட்கிறார். எனக்குத் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த இன்னொரு விஷயம் ஃபுட்பால். ஆகவே இந்த வாரம் அது.

என் ஃபுட்பால் தகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் நான் கண்ணாடி போட்டவன் என்பதால் என்னைக் கோலுக்குப் பின்னால் நிறுத்துவார்கள். கோலுக்கு முன்னால் நிற்பவன் கோல்கீப்பர். பின்னால் நிற்பவன் வாய்க்காலில் விழுந்த பந்தை எடுத்து வருபவன். மூன்று வருடம் அந்தப் பொசிஷனில் ஆடினேன். அதில் என்னை யாரும் மாற்றவில்லை.

வளர்ந்த பிறகு எனக்கு ஒரு மரியாதை கிடைத்தது. அது வயலால் வந்தது. இரண்டாம் போகம் அறுத்த பிறகு எங்கள் கிராமத்தில் செவன்ஸ் டூர்ணமென்ட் நடக்கும். அது நடப்பது என் வயலில். என் அப்பா இருந்தவரை அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார். நூறு பேர் ஓடினால் மண் இறுகிப்போய், அடுத்த உழவுக்கு டிராக்டரே திணறும் என்பார். அது உண்மைதான். அவர் போன அடுத்த வருடம் நான் வயலைக் கொடுத்தேன். கமிட்டி என்னைத் துணைத் தலைவர் ஆக்கியது. டிராக்டர் இன்றைக்கும் திணறிக்கொண்டிருக்கிறது.

வயல் கொடுத்தவன் பேசினால் யாரும் எழுந்து போக முடியாது. இதை நான் சீக்கிரமே கண்டுகொண்டேன்.

பேசும் இடம் பாலனின் டீக்கடை. கிழக்குப் பாலக்காட்டில் நாங்கள் ஃபுட்பாலைத் தமிழில் விவாதிப்போம். கோபம் வந்தால் மலையாளத்துக்கு மாறுவோம். தோற்றுப்போனால் மறுபடி தமிழுக்கு வந்து பெருமூச்சு விடுவோம். உலகக் கோப்பை வருடங்களில் வாய்க்கால் பாலத்தின் ஒரு கைப்பிடிக்கு ஒரு நாட்டு ரசிகர்களின் மஞ்சள் பெயின்ட், இன்னொரு கைப்பிடிக்கு எதிர்க்கட்சி ரசிகர்களின் வெளிர்நீலப் பெயின்ட். பக்கம் மாறி நடந்தால் கேள்வி கேட்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் பேசத் தெரிந்தவனுக்கு ஒரு இடம் உண்டு.

நான் ஐரோப்பிய ஆட்டங்களை போனில் பார்த்து வார்த்தைகள் கற்றுக்கொண்டேன். எதிராளியை நெருக்கிப் பிடிப்பதை பிரெஸ்ஸிங் என்பேன். பின்னால் நிற்பவர்களை நடுக்கோடு வரை ஏற்றி நிறுத்துவதை ஹை லைன் என்பேன். பாலன் டீயை ஆற்றிக்கொண்டே, “அண்ணா, கொஞ்சம் தள்ளி நின்னு பிரெஸ் பண்ணுங்க, கல்லாப்பெட்டி மறைக்குது” என்பான். அதை நான் பொருட்படுத்தியதே இல்லை.

ஜெயித்த ஆட்டத்தில் குற்றம்

எங்கள் அணியின் பெயர் கிழக்குத்தோட்டம் பிரதர்ஸ். மேனேஜர் கனகராஜ். போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர். பேச்சு குறைவு. டூர்ணமென்ட் சமயத்தில் பட்டறையைப் பாதி நாள் பூட்டிவிட்டு அணிப் பிள்ளைகளுக்குப் பின்னால் ஓடுவார். பன்னிரண்டு வருடமாக அவர்தான். இத்தனை வருடத்தில் நாங்கள் ஒருதடவைகூட ஃபைனலுக்குப் போனதில்லை. அதற்குக் காரணம் கனகராஜ் என்று நான் பன்னிரண்டு வருடமாகச் சொல்லி வந்தேன்.

அந்த வருடம் போனோம். செமிஃபைனலில் மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தோம். ஊரே வெடி போட்டது. நான் மட்டும் வீட்டுக்கு வந்து, வாங்கின இரண்டு கோலைப் பற்றி யோசித்தேன். ஜெயித்த ஆட்டத்தில் குற்றம் கண்டுபிடிப்பவன்தான் அசல் ரசிகன் என்று எனக்கு ஒரு எண்ணம்.

குற்றத்தைக் கண்டுபிடித்தும்விட்டேன். குற்றத்தின் பெயர் ஆறுச்சாமி.

ஆறுச்சாமி எங்கள் ஸ்டாப்பர். அதாவது பின்னால் நின்று எதிராளியைத் தடுப்பவர். நாற்பது வயதுக்கு ஒன்றிரண்டு குறைவாக இருக்கும். பதினெட்டு வருடமாக நாலாம் நம்பர் சட்டை அவருடையது. தொழில் கள் இறக்குவது. என் தோப்பில் எட்டு மரத்தில் பாளை சீவுகிறவரும் அவரே. தினமும் காலையிலும் சாயங்காலமும் வருவார். முழங்கால் வலி இருந்தது. மரம் ஏறுவதற்கு அது தொந்தரவு செய்யவில்லை, ஓடுவதற்குச் செய்தது.

செமிஃபைனல் முடிந்த உடனே மைதானத்திலேயே அவர் கனகராஜிடம் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

“இந்த வருசத்தோட நிறுத்திக்கறனுங்ணா. ஒரு ஃபைனல் ஆடோணும்னு இருந்துச்சுங். அது கெடச்சிருச்சு. அதை முழுசா ஆடிட்டு சட்டையக் கழட்டிர்றன்.”

இதைக் கேட்டுவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போய் ஊர் வாட்ஸப் குரூப்பில் நாலு நிமிட வாய்ஸ் மெசேஜ் போட்டேன். ‘ஆறுச்சாமி மேல எனக்கு மரியாதை உண்டு’ என்று ஆரம்பித்தேன். மரியாதை பத்து விநாடியில் முடிந்தது. மிச்ச நேரம் முழுக்க, அவருக்குத் திரும்பும் வேகம் போய்விட்டது, ஃபைனலில் அவரை இறக்கினால் கோப்பை எதிரணியான மேட்டுக்காட்டுக்காரனுக்குத்தான், கனகராஜுக்கு ஆட்களை மாற்றத் தைரியம் இல்லை என்று விளக்கினேன். போட்ட பிறகுதான் அந்தக் குரூப்பில் ஆறுச்சாமியும் இருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை அவர் வழக்கம்போல வந்தார். எட்டு மரமும் ஏறி இறங்கினார். நான் திண்டாடிக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்றேன். போகும்போது என்னைப் பார்த்து நின்றார்.

“வாய்ஸ் கேட்டனுங்ணா. உங்க போனு நல்ல போனுங். தெளிவா இருந்துச்சு.”

அவ்வளவுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு அன்று காலைப் பலகாரம் இறங்கியிருக்கும்.

பதவி வந்தது

அன்று டீக்கடையில் கூட்டம். என் வாய்ஸ் மெசேஜைப் பற்றித்தான் பேச்சு. பாதிப் பேர் என் பக்கம், பாதிப் பேர் கனகராஜ் பக்கம். நான் டீ கிளாஸ்களை மேஜைமேல் அடுக்கிக் காட்டினேன். ஏழு கிளாஸ். பின்னால் இரண்டு, நடுவே மூன்று, முன்னால் ஒன்று, கோலில் ஒன்று. பின்னால் இருந்த இரண்டையும் நடுக்கோடு வரை தள்ளினேன்.

“இப்படி மேல ஏறி நின்னாத்தான் அவங்களுக்கு மூச்சு முட்டும். இதுக்கு ஓடற ஆளு வேணும். கோயமுத்தூர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு காலேஜ் பையன் இருக்கான். கெஸ்ட் ஆட்டக்காரனா கூட்டிட்டு வர்றேன்.”

கனகராஜும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, நான் கோல்கீப்பராக வைத்திருந்த கிளாஸுக்குப் பக்கத்தில் தன் கிளாஸை வைத்தார்.

“சரிங்க. ஃபைனலுக்கு நீங்களே மேனேஜரா இருங்க.”

“அட, நான் எதுக்குச் சொன்னேன்னா...”

“கோவத்துல சொல்லலீங்க. பன்னெண்டு வருசமா நீங்க சொல்றது சரியா இருந்தாலும் இருக்குமில்லீங்களா. ஒருக்கா பாத்துரலாம். நானும் ஒரு ஆட்டத்த உக்காந்து பாத்த மாதிரி ஆச்சு.”

எல்லோரும் கை தட்டினார்கள். யார் யார் எந்த அர்த்தத்தில் தட்டினார்கள் என்று அன்று எனக்குப் புரியவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியிலேயே நோட்டு வாங்கினேன். விசிலும் அப்போதுதான் வாங்கினேன்.

என் மனைவி சரோஜா நோட்டைப் பார்த்தாள், விசிலைப் பார்த்தாள்.

“ஏனுங்க, ஆறுச்சாமிகிட்டச் சொல்லீட்டீங்களா?”

“சொல்லணும்.”

“நீங்களே சொல்லோணும். பேரு ஒட்டற போர்டுல பாத்துத் தெரிஞ்சுக்கற மாதிரி வெச்சுராதீங்க. பதினெட்டு வருசம் ஆடின மனுசன்.”

மரத்தடியில் ஒரு கோழை

ஃபைனல் அன்று காலை நான் தோப்புக்குச் சீக்கிரமே போய்விட்டேன். ஆறுச்சாமி மூன்றாவது மரத்தின் உச்சியில் இருந்தார். அவர் மேலே இருக்கும்போதே சொல்லிவிட்டால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பது என் திட்டம். அண்ணாந்து பார்த்தேன். ஓலைக்கு நடுவே பாளையில் கத்தி ஓடும் சத்தம் கேட்டது.

“ஆறுச்சாமி...”

“சொல்லுங்ணா.”

“சாயங்காலம்...”

“தெரியுமுங். இன்னிக்கு மத்தியானமே வந்து ஒருக்கா சீவீட்டுப் போயிர்றன். மிச்சத்த ஆட்டம் முடிஞ்சு வந்து பாத்துக்கலாம். ஒரு நேரம் உட்டாலும் பாளை வத்திப்போகுமுங்.” கத்திச் சத்தம் நின்றது. “அண்ணா, இன்னொன்னுங். கெழக்குக் காத்து இன்னிக்கு எச்சா இருக்கு. இங்கிருந்தாத் தெரியுது. டாஸ் கெடச்சா மொதல்ல மேக்கு கோலப் பாத்து ஆடலாமுங். காத்து நம்ம முதுகுக்கு இருந்தா, மொதப் பாதில அவுங்க தூக்கி அடிக்கறது நம்ம மேல வராது.”

பாலக்காட்டுக் கணவாயில் அந்த மாதங்களில் கிழக்கிலிருந்து வரும் காற்றைப் பற்றி நான் உங்களுக்கு எழுத வேண்டியதில்லை. காயப்போட்ட வேட்டி அடுத்த தோட்டத்தில் கிடக்கும். ஆனால் அந்த நேரத்தில் எனக்குக் காற்றாவது ஒன்றாவது. இந்த ஆளிடம் நீ ஆடவில்லை என்று எப்படிச் சொல்வது என்பதுதான் யோசனை.

அவர் இறங்கி வந்தார். நான் சொன்னது இதுதான்: “அந்த எட்டாவது மரத்துல இந்த வருசம் காய் வைக்குமா?”

“கள்ளெறக்கற மரத்துல காயி எங்கிருந்துங்ணா வரும்?” என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த மரத்துக்குப் போனார்.

தென்னந்தோப்பில் பிறந்து வளர்ந்தவன் கேட்கிற கேள்வியா அது. இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. சொல்லாமலே வீட்டுக்கு வந்தேன். சரோஜாவிடம் சொல்லியாயிற்று என்று பொய்யும் சொன்னேன்.

போர்டு

நாலரை மணிக்கு கமிட்டி ஷெட்டில் ஆட்டக்காரர்கள் பெயரை எழுதி ஒட்டினார்கள். ஆறுச்சாமி அதற்கு முன்பே வந்து பூட்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். நாலாம் நம்பர் சட்டையை யாரோ தேய்த்துக் கொடுத்திருந்தார்கள். மடிப்பு தெரிந்தது.

எழுந்து போய் போர்டைப் பார்த்தார். தன் பெயர் கீழே, மாற்று ஆட்களுக்கு நடுவில் இருப்பதைக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மேலேயே தேடிக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் நோட்டில் ஏதோ எழுதினேன். என்ன எழுதினேன் என்று பிறகு பார்த்தேன். ‘ஏழு’ என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்தது.

ஆறுச்சாமி பெஞ்சின் கோடியில் போய் உட்கார்ந்தார். பூட்ஸைக் கழற்றவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போதே போய்ப் பெயரை மாற்றியிருக்கலாம். நோட்டை வாங்கிவிட்டோமே, விசிலை வாங்கிவிட்டோமே, ஊரே பார்க்கிறதே என்று நின்றேன்.

டாஸ் நாங்கள்தான் ஜெயித்தோம். எந்தப் பக்கம் என்று கேப்டன் என்னைப் பார்த்துக் கேட்டான். நான் கிழக்குக் கோலைப் பார்த்து ஆடலாம் என்றேன். கிழக்கு ராசி என்று ஒரு நினைப்பு. அதனால் முதல் பாதி முழுக்கக் காற்று எங்கள் முகத்தில் அடித்தது.

மேட்டுக்காடு அணியின் ஃபார்வேர்ட் ஒரு நெட்டையன். ஆட்டம் ஆரம்பித்த உடனே நேராக எங்கள் கோல்கீப்பரிடம் போய் நின்று பேச்சுக் கொடுத்தான். எங்கள் கோல்கீப்பர் என்னைப் பார்த்து, “அண்ணா, இவன் இங்கயே நிக்கறானுங்” என்று கத்தினான். “நிக்கட்டும் விடு. அவன் ஆஃப்சைடு” என்றேன்.

அந்தப் பதிலில்தான் எல்லாம் இருந்தது. போனில் பார்த்த ஆட்டமும் என் வயலில் நடக்கும் ஆட்டமும் என் மண்டைக்குள் ஒன்றாகிவிட்டிருந்தன. எங்கள் பையன்கள் வயல் கொடுத்தவனை எதிர்த்துப் பேசவில்லை. கோயமுத்தூர்ப் பையன் மட்டும் ஒரு தடவை திரும்பி என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். பாவம், அவனுக்கு இந்த ஊர் விதி தெரியாது. மேனேஜருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். பந்து, நெட்டையன், வலை, என் கை, மைக்.

பத்து நிமிடத்தில் இரண்டாவது கோலும் விழுந்தது. அவர்கள் கோல்கீப்பர் தூக்கி அடித்த பந்து காற்றோடு வந்து, நடுவில் ஒருதடவை குதித்து, எங்கள் கோல்கீப்பர் தலைக்கு மேலே போய் உள்ளே விழுந்தது. இந்தத் தடவை நான் கையைத் தூக்கவில்லை. ஆனாலும் கேலரியில் இருநூறு பேர் எனக்காகத் தூக்கினார்கள்.

போன் அடித்தது. சரோஜா. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து பேசினாள்.

“பொய்தானுங்களே சொன்னீங்க?”

“ம்.”

“அவுரு பெஞ்சுல உக்காந்திருக்கறதப் பாக்கவே முடியலீங்க. எறக்குங்க. இங்க கொழந்தைகளுக்குக்கூடத் தெரியுது.”

அப்போதும் நான் பாதி ஆட்டம் முடியட்டும் என்று காத்திருந்தேன். உடனே மாற்றினால் நான் தோற்றதாக ஆகிவிடுமாம்.

நாலாம் நம்பர்

இடைவேளையில் நடுவில் ஆடிய ஒருவனை உட்காரச் சொல்லிவிட்டு ஆறுச்சாமியிடம் போனேன். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தோளைத் தொட்டேன்.

“எறங்கறயா ஆறுச்சாமி?”

“முழுசா ஆடோணும்னு இருந்துச்சுங்” என்றார். எழுந்து நின்று சட்டையைக் கால்சட்டைக்குள் சொருகினார். “பாதியாச்சும் இருக்குதுங்களே.”

ஆறுச்சாமி வெளியே எல்லோருக்கும் மரியாதையாக ‘ங்’ போட்டுப் பேசும் மனிதர். மைதானத்துக்குள் கால் வைத்தால் அது போய்விடும். கேப்டன் என் அண்ணன் மகன், வெளியில் ‘தம்பீங்க’ என்பார். இப்போது “டேய், எங்கடா போற, பின்னால வாடா” என்று ஒரு சத்தம் போட்டார். அவன் ஓடிவந்தான். கோயமுத்தூர்ப் பையனை ஒரு பக்கம் நிறுத்தினார். தான் போய் நெட்டையனை ஒட்டி நின்றுகொண்டார். அதற்குப் பிறகு அந்த நெட்டையனுக்குப் பந்து என்பது தூரத்தில் பார்க்கும் பொருளாகிவிட்டது.

அவர் ஓடவே இல்லை. நான் சொன்னபடி அவருக்குத் திரும்பும் வேகம் இல்லைதான். பந்து எங்கே வரும் என்று தெரிந்துகொண்டு அங்கே முன்பே போய் நிற்பவருக்குத் திரும்ப வேண்டியிருக்கவில்லை. இதை நான் பதினெட்டு வருடம் பார்த்திருக்கிறேன். பார்த்ததாக நினைத்திருக்கிறேன்.

பழக்க தோஷம், நான் கோட்டுக்கு வெளியே நின்று “மேல ஏறு, மேல ஏறு” என்று கத்தினேன். அவர் திரும்பினார். முகம் முழுக்க வியர்வை.

“நீங்க சித்த சும்மா இருங்ணா.”

அத்தனை கோபத்திலும் எனக்கு மட்டும் ‘ங்’ போட்டார். நான் சும்மா இருந்தேன். மேனேஜராக நான் எடுத்த ஒரே சரியான முடிவு அது.

காற்று இப்போது எங்கள் பக்கம். ஒரு கோல் போட்டோம். என் அண்ணன் மகன் அடித்தான். கேலரி ஆடிய ஆட்டத்தில் பாக்கு மரங்கள் முனகின. கடைசி நிமிடங்களில் ஒரு கார்னர் கிடைத்தது. ஆறுச்சாமி நொண்டிக்கொண்டே எதிர்க்கோல் வரைக்கும் போனார். பதினெட்டு வருடத்தில் அவர் கோல் அடித்ததில்லை. பந்து உயரமாக வந்தது. எழும்பித் தலையால் முட்டினார். கேலரி மொத்தமும் எழுந்தது, நானும் எழும்பினேன். பந்து மேல்கம்பியில் பட்டு வெளியே போனது.

விசில் ஊதிவிட்டார்கள். இரண்டுக்கு ஒன்று.

ஆறுச்சாமி அங்கேயே குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெட்டையன் வந்து கட்டிக்கொண்டான். மேட்டுக்காட்டுக்காரர்கள் கோப்பை வாங்குவதற்குள் அவர் மைதானத்தைவிட்டுப் போயிருந்தார்.

கனகராஜ் கேலரியிலிருந்து இறங்கி வந்தார். கையில் பாதி கடலைப் பொட்டலம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ரெண்டாவது பாதி நல்லா இருந்துச்சுங்க” என்றார். கடலையை என்னிடம் நீட்டினார். அவர் கேலி செய்யவில்லை. அதனால்தான் அதிகமாக வலித்தது.

வீட்டுக்குத் தோப்பு வழியாகப் போனேன். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மேலே ஏதோ அசைவதைப் பார்த்து நின்றேன். நாலாம் நம்பர் சட்டையைக்கூட மாற்றாமல் ஆறுச்சாமி ஐந்தாவது மரத்தில் ஏறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, நடுவில் நின்று, மறுபடி ஏறினார். வழக்கமாக நடுவில் நிற்கமாட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்குத் தெரியாமல் வரப்பு மாறி நடந்தேன்.

காலையில்

அன்று ராத்திரியே குரூப்பில் நான் கை தூக்கி நிற்கும் ஸ்டிக்கர் வந்துவிட்டது. இன்றைக்கும் யாராவது குரூப்பில் சந்தேகம் கேட்டால் முதலில் என் படத்தைப் போட்டுவிட்டுத்தான் கேட்கிறார்கள். பஞ்சாயத்துத் தண்ணீர் எப்போது வரும் என்ற கேள்விக்கும் நான்தான் கை தூக்குகிறேன். அதெல்லாம் பரவாயில்லை. நான் செய்ததற்கு ஊர் கொடுத்த சலுகை அது.

ஆனால் ஒரு மனிதர் பதினெட்டு வருடம் காத்திருந்த ஒரு ஆட்டத்தில் பாதியை நான் எடுத்துவிட்டேன். அதை யாரும் ஸ்டிக்கர் போடவில்லை.

காலையில் நானே போய் நின்றேன். இந்தத் தடவை அவர் இறங்கி வரும் வரைக்கும் காத்திருந்தேன். சரோஜா கொடுத்தனுப்பிய மோரை நீட்டினேன். வாங்கிக் குடித்தார்.

“ஆறுச்சாமி, நேத்து தப்பு முழுக்க என் மேல.”

இல்லீங்ணா, அப்படிச் சொல்லாதீங்க என்பார் என்று எதிர்பார்த்தேன். நம் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

“ஆமாங்ணா” என்றார்.

காற்றில் ஓலைகள் ஒன்றோடு ஒன்று அடித்துக்கொண்டன.

“கோழைத்தனம்தான். மொத நாளே சொல்லியிருக்கணும். உன் கடைசி ஆட்டத்த நான் கெடுத்துட்டேன்.”

ஆறுச்சாமி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். கத்தியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

“உங்ககிட்ட ஒன்னு கேக்கோணும்னு இருந்தனுங். அடுத்த வருசமும் நீங்கதான் மேனேஜருங்களா?”

“இல்லப்பா. கனகராஜ்தான். நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்.”

“உறுதிதானுங்களே?”

“உறுதி.”

“அப்ப நான் இன்னொரு வருசம் ஆடறனுங்” என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்தில் ஏறினார்.